ரீஸ்டார்ட் சார்

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் பிள்ளைகள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் தெரியுமாம். பள்ளிப் பேருந்தின் உதவியாளர் அலுவலக அம்மாவிடம் சொன்ன சேதி இது. உதவியாளருக்குச் சொன்னது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய். அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. வதந்திக்கு அப்பன் பெயர் தேடிப் போனவன் வீடு வந்து சேரமாட்டான். தட்டிவிட்டு அழித்த எழுத்தும் அவருக்குத் தெரியுமாம். ஒன்றுமே தட்டாமல் யோசித்துக்கொண்டிருந்தால்கூட, கர்சர் துடிக்கிற தினுசை வைத்து இன்னதுதான் நினைக்கிறாய் என்று சொல்லிவிடுவாராம்.

அலுவலக அம்மாவுக்கு உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேச வராது. நேராக மாடியேறி வந்து கேட்டுவிட்டார். அப்போது கண்ணாடி அறை மனிதர் இருபத்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரின் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“யோசிக்கிற பிள்ளை யாராச்சும் இருந்தா சொல்லுங்கம்மா, போய்ப் பாத்துட்டு வரேன்.”

அலுவலக அம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனித்தாரோ என்னவோ. மறுக்காததற்குக் காரணம் உண்டு. அந்தப் பேச்சு பரவிய நாளிலிருந்து மேசைக்கு அடியில் யாரும் சூயிங்கம் ஒட்டுவதில்லை, மவுஸ் வயரில் முடிச்சுப் போடுவதில்லை. அதே பேச்சினால் கண்ணாடி அறைப் பக்கம் யாரும் வருவதும் இல்லை. முன்பெல்லாம், “சார், டிகிரிக்குப் போடுற சின்ன வட்டம் எங்க இருக்கு?” என்று கேட்கவாவது நாலு பேர் வருவார்கள். இப்போது பக்கத்துப் பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

உண்மையில், எல்லாத் திரைகளையும் ஓரிடத்திலிருந்து பார்க்கும் வசதி சில வருடங்களுக்கு முன் வந்தது. ஒரே ஒரு நாள் திறந்து பார்த்தார். எதிர் அடுக்குமாடியில் அத்தனை வீட்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. ஒரு பையன் பாடவேளை முழுக்கத் தன் பெயரையே விதவிதமான எழுத்தில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் ‘தம்பியைத் திருத்துவது எப்படி’ என்று தேடிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. மூடினார். யாரும் திறக்க முடியாதபடி எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்த வசதியை அணைத்துவிட்டார். ஆகவே ஆயிரம் கண் உடையவர் என்று பெயரெடுத்தவருக்குக் கண்ணாடி வழியாகத் தெரிவது அறுபத்து நாலு பின்னந்தலைகள்தான்.

ரீஸ்டார்ட் சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு அங்கே வேலை குறைவு. எந்தக் கோளாறுக்கும் அவருடைய முதல் மருந்து, “ஒரு தடவை அணைச்சுப் போடுங்க.” அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்று வருகிறவருக்கு இரண்டாம் மருந்து, “கம்ப்யூட்டரை அணைச்சீங்களா, திரையை மட்டும் அணைச்சீங்களா?” பாதிப் பேர் இதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார்கள். வரலாற்று ஆசிரியர் ஒருமுறை தன் முழங்கால் வலியைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்த இவர் வாய் தவறி, ‘ஒரு தடவை அணைச்சுப் போடுங்க’ என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் அறை ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரிப்பு நடந்த இடத்தில் அவர் இல்லை, மாடியில் இருந்தார்.

பள்ளியில் பிள்ளைகள் தொள்ளாயிரத்துச் சொச்சம். கம்ப்யூட்டர் அறுபத்து நாலு. யாருக்கும் சொந்தமாக ஒன்று கிடையாது, காலியாக இருப்பதில் உட்கார வேண்டியதுதான். ஒரு பிள்ளை முதல்முறையாகத் தன் எண்ணையும் ரகசியச் சொல்லையும் தட்டியதும், கம்ப்யூட்டர் அதற்கென்று ஓர் இடத்தைத் தயார் செய்கிறது. அங்கே எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும், முதலில் எந்தப் பக்கம் திறக்கும், சத்தம் எவ்வளவு, எழுதியது எங்கே போய்ச் சேரும் என்பதெல்லாம் முன்பே முடிவு செய்யப்பட்டவை. முடிவு செய்தவர் இவர். ஒரே ஒரு மாதிரியைச் செய்து வைத்திருக்கிறார். தொள்ளாயிரமும் அதன் நகல். அதற்கு அவர் அச்சு என்று பெயர் வைத்திருக்கிறார். “அச்சுல ஒரு கீறல் விழுந்தா வார்க்கறதெல்லாம் கீறலோடதான் வரும்” என்பார்.

இரண்டு மொழிகளில் பாடம் நடக்கும் பள்ளி அது. கீபோர்டு எந்த மொழியில் முதலில் திறக்க வேண்டும் என்று இரு மொழி ஆசிரியர்களுக்கும் ஒரு பருவம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் பகை. இவர் ஒற்றைப்படை வரிசைகளை ஒரு மொழிக்கும் இரட்டைப்படை வரிசைகளை மற்றதற்கும் வைத்தார். பகை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. இப்போது இருவரும் வாசலில் நின்று எந்த வரிசை முதலில் நிறைகிறது என்று எண்ணுகிறார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து படிப்பாள். அவளுக்கு மட்டும் எழுத்தைப் பெரிதாக்கினால் மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று எல்லோருக்குமே இரண்டு புள்ளி கூட்டிவிட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏன் நிமிர்ந்தோம் என்று அவளுக்கும் தெரியாது. “சரியா இருந்தா என்னை யாருக்கும் தெரியாது. தப்பானா எல்லாருக்கும் தெரியும்.” தன் வேலையைப் பற்றி அவர் தரும் விளக்கம் இவ்வளவுதான். இதை அவர் அதிகம் சொல்லியிருப்பது பூஜ்யத்திடம்.

பூஜ்யம் ஒரு மாணவன். எண் நான்கு சைபர். அப்படி ஒரு பையன் உலகத்தில் கிடையாது. புதிதாக வரும் பிள்ளைக்குத் திரையில் என்ன தெரியும் என்று சோதிக்க அவரே உண்டாக்கியவன். காலை ஏழு பத்துக்கு, வேறு யாரும் வருமுன், தினம் ஒரு கம்ப்யூட்டரில் அவனாக உள்ளே நுழைந்து பார்ப்பார். “வாடா. என்ன தெரியுது உனக்கு? எழுத்து சரியா இருக்கா?” ஒன்பது வருடமாக ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறான், ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மா ஒரு காலை இந்தப் பேச்சைக் கேட்டு, அதற்குள் எந்தப் பிள்ளை வந்தது என்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. துடைப்பத்தை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஊருக்கெல்லாம் அமைத்துக் கொடுப்பவரின் சொந்தக் கைப்பேசி, கடையில் வாங்கியபோது இருந்தபடியே இருக்கிறது. அதே படம், அதே மணியோசை. பேருந்தில் அந்த ஓசை கேட்டால் நாலு பேர் பையைத் துழாவுவார்கள். அவர் அசையமாட்டார். அவருடையது ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் அடிக்கும்.

அடிப்பது அக்கா. பதினோரு வயது மூத்தவர், பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. ஒவ்வொரு இடமும் கைக்கெட்டும் தூரம் வரை வந்து நின்றுபோனது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அக்காவும் அத்தானும் இவருமாக மூன்று பேர் ஒரு குடும்பம். பதினான்கு மாதங்களுக்கு முன் அத்தான் இறந்தபின் அது இரண்டு பேர் ஆனது.

அதற்கும் முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எவனோ ஒருவன் அக்காவுக்குப் போன் செய்து, உங்கள் கார்டு முடங்கப்போகிறது, அதிலிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் என்றான். அக்கா பாதி எண்ணைச் சொல்லிவிட்டார். நடுவில் சுதாரித்துக்கொண்டு வைத்துவிட்டார். அதிலிருந்து போன் அடித்தாலே எடுக்கப் பயப்படுவார். விடுமுறைக்குப் போன இவர் அக்காவின் கைப்பேசியை வாங்கி ஓர் அமைப்பைச் செய்தார். பெயர் போட்டுச் சேமித்து வைக்காத எண்ணிலிருந்து யார் அழைத்தாலும் மணி அடிக்காது. வந்துபோன தடம் மட்டும் பட்டியலில் கிடக்கும். அரை நிமிட வேலை.

“இனிமே தெரியாதவன் எவனும் உன்னைத் தொந்தரவு பண்ணமாட்டான்கா.”

“நீ இருக்கற தைரியம்தான்டா எனக்கு” என்றார் அக்கா. என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. தொள்ளாயிரம் பிள்ளைகளும் கேட்பதில்லை. அவருக்கும் சொல்லிப் பழக்கமில்லை.

அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அக்கா இரண்டு நாள் கண்ணை மூடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மதியம், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள், ஏதாவது என்றால் போன் பண்ணுகிறோம் என்று நர்ஸ் அனுப்பிவைத்தார். அக்கா குளித்தார், கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சாயலாம் என்று படுத்தார். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். மறுபடி அழைத்தார்கள். மூன்றாம் முறையும் அழைத்தார்கள். ஆஸ்பத்திரியின் எண்ணை அக்கா பெயர் போட்டுச் சேமித்திருக்கவில்லை. மூன்றரைக்கு விழித்து, பட்டியலைப் பார்த்து, அலறிப் புடைத்துக்கொண்டு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசியில் அத்தான் இரண்டு தடவை அக்காவைக் கேட்டாராம்.

“படுத்தவ பொணம் மாதிரி தூங்கிட்டேன்டா. மூணு தடவை அடிச்சிருக்காங்க. எனக்குக் கேக்கவே இல்ல.”

அக்கா இவர் தோளில் சாய்ந்துகொண்டு அதைச் சொன்ன கணத்திலேயே, மணி அடிக்காமல் செய்தது தான் வைத்த அமைப்புதான் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. சாவு வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் தேவைப்பட்டது. அப்படியே வளர்ந்துவிட்டது.

அக்கா அன்றைக்கே கைப்பேசியின் மணிச் சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்தவர்தான். இவர் ஞாயிற்றுக்கிழமை திருப்பி அழைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, தம்பி கூப்பிடுகிறார் என்று குரல் கொடுப்பார்களாம். முதலில் பகல் தூக்கம் நின்றது. பிறகு இரவும் படுப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் அசந்து தூங்கிவிடுவோம் என்று போடுவதில்லை. “கண்ணை மூடினா பயமா இருக்குடா. மறுபடி எது போகுமோன்னு.” ஒவ்வொரு ஞாயிறும் இவர், “உன் தப்பு இல்லக்கா, விடு” என்பார். அவர் சொல்வதிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை. அக்கா அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு, “உனக்கென்னடா தெரியும்” என்பார்.

சொன்னால் அக்கா தூங்கக்கூடும். ஆனால் சொன்ன பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வருமா என்பது தெரியாது. அவருக்கு இருப்பது அந்த ஒரு போன்தான்.

ஒருமுறை அக்கா, ஏதோ அப்டேட் கேட்கிறது பார் என்று கைப்பேசியைக் கையில் கொடுத்தார். இவர் அந்த அமைப்பு இருக்கும் பக்கம் வரைக்கும் போனார். அவர் வைத்த குறி அப்படியே இருந்தது. எடுத்துவிட்டால் மறுபடி கண்டவனெல்லாம் அழைப்பான், இத்தனை நாள் எப்படி நின்றிருந்தது என்று அக்கா கேட்பார். தொடாமல் திரும்பக் கொடுத்துவிட்டார். போன மூன்று ஞாயிறுகளாக அக்காவின் அழைப்பையே எடுக்கவில்லை. ‘வேலை இருக்கு’ என்று செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று அக்கா கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகள் காணாமல் போயின.

அது ஏன் என்றால், போன பருவத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தனக்குத்தானே எழுதிக்கொண்ட கடிதம் ஒன்றைத் திரையின் முகப்பிலேயே வாரக்கணக்கில் வைத்திருந்து, ஒரு நாள் வெளியேறாமல் எழுந்து போய்விட்டாள். அடுத்து உட்கார்ந்த பையன் அதைச் சத்தம் போட்டு வாசித்தான். அவள் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. இனி எவள் கடிதமும் எவன் கையிலும் சிக்கக்கூடாது என்று இவர் ஒரு மாற்றம் செய்தார். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, எந்தப் பிள்ளை முகப்பில் எதை விட்டிருந்தாலும் அழிந்துவிடும். அவரவர் ஃபோல்டருக்குள் வைத்தது மட்டும் இருக்கும். ‘வெள்ளிக்கிழமைக் கழுவல்’ என்று தலைப்பிட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாளும் குத்தினார். ஒரு பக்கம் விளையாட்டுப் போட்டி, மறுபக்கம் காணாமல் போன தண்ணீர் பாட்டில், நடுவில் இது. கண்ணில் பட்டவர்கள் சொற்பம்.

அந்தத் தாள் மஞ்சளாகத் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தவர் தற்காலிக டீச்சர். பேறுகால விடுப்பில் போன மொழி ஆசிரியைக்குப் பதிலாக ஐந்து மாதத்துக்கு வந்தவர். இதுதான் அவருக்கு முதல் வேலை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரையும் ‘எங்கள் வீட்டில் ஒருவர்’ என்று ஒரு வாரம் முழுக்கக் கட்டுரை எழுதவைத்தார். தேட வேண்டாம், திறந்ததும் கண்ணெதிரே இருக்கும் என்று முகப்பிலேயே வைக்கச் சொன்னார். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் முப்பத்திரண்டு திரைகளும் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தன.

டீச்சர் வெளிறிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினார். பார்த்ததும் ரீஸ்டார்ட் சாருக்கு விளங்கிவிட்டது. கம்ப்யூட்டரின் மூலை முடுக்கெல்லாம் துழாவி, திங்களும் செவ்வாயும் சாப்பிடக்கூட இறங்காமல் உட்கார்ந்து, ஏழு கட்டுரைகளை மீட்டார். அதிலும் சில அரைகுறை. ‘எங்கள் சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் துணி மடிப்பார். அதனால் எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் மடித்தே இருக்கும்’ என்று ஒன்று அங்கேயே நின்றுபோயிருந்தது. மற்ற இருபத்தைந்தும் போனது போனதுதான்.

திங்கட்கிழமை அவர் டீச்சரிடம் சொன்னது, “கழுவல்ல போயிடுச்சு” என்று மட்டும்தான். டீச்சர் உடனே, “முகப்புல வைங்கன்னு நான்தானே சொன்னேன்” என்றார். இவர் வாயைத் திறந்தார். மணி அடித்தது. டீச்சர் ஓடினார். மணி அடித்ததில் இவருக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அவரே கவனித்துவிட்டார்.

அதன்பின் மூன்று நாள் அந்தப் பெண் பள்ளி முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்தார். பிள்ளைகளிடம் கேட்டார். தொலைபேசியில் அழைத்த பெற்றோரிடம் கேட்டார். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தார். புதிதில் அப்படித்தான் இருக்கும் என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். தேற்றத் தேற்ற அந்தப் பழி அவர் தலையிலேயே இறுகியது. கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் பழகித்தான் வரும் என்று வரலாற்று ஆசிரியர் அறிவுரை சொன்னபோது, ரீஸ்டார்ட் சார் அதே அறையில் ஜன்னலோரம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கடைசி மணிக்குப் பிறகு டீச்சர் மாடியேறி வந்தார்.

“சார், உங்களுக்கு வேற வேலை வெச்சுட்டேன். ரெண்டு நாளா நீங்க சாப்பிடக்கூட இறங்கலன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. மன்னிச்சுக்கோங்க சார்.”

அந்த அறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று உண்டு. அதன்மேல் பழைய கீபோர்டுகள் அடுக்கிக் கிடந்தன. அவர் அவற்றை இறக்கித் தரையில் வைத்தார்.

“உக்காருங்க டீச்சர்.”

உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னதுல தப்பு இல்ல. போன பருவம் வரைக்கும் முகப்புல வெச்சா அங்கயேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை அழியற மாதிரி வெச்சது நான். நீங்க வர்றதுக்கு முன்னாடி நோட்டீஸ் போட்டேன். புதுசா வர்றவங்களுக்கு நான் நேர்ல சொல்லியிருக்கணும். சொல்லல.”

டீச்சர் அவரையே பார்த்தார்.

“இது திங்கக்கிழமையே தெரியுமா சார் உங்களுக்கு?”

“தெரியும்.”

“அப்ப நான் எதுக்கு சார் மூணு நாளா தூங்காம கிடந்தேன்?”

குரலில் கோபம் இல்லை. புரியாத பாடத்தைப் பிள்ளைகள் கேட்பதைப் போலக் கேட்டார். நல்லதுக்குத்தான் செய்தேன் என்பது ஒன்றுதான் அவர் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டார். டீச்சர் எழுந்து, கதவருகில் நின்று, பிள்ளைகளிடம் நாளைக்கு நீங்களே வந்து சொல்கிறீர்களா, நான் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும் என்றார். வருகிறேன் என்றார் இவர். டீச்சரின் செருப்புச் சத்தம் இரண்டு மாடியும் இறங்குவது கேட்டது.

அவரும் இறங்கினார். கிளம்பிக்கொண்டிருந்த தலைமையாசிரியரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். திட்டு விழும், எழுதிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். தலைமையாசிரியர் பையின் ஜிப்பை இழுத்து மூடி, “நோட்டீஸ் போட்டீங்கல்ல? அப்புறம் என்ன சார், விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. மூன்று நாள் ஒருத்தி தூங்காததற்கு இந்தக் கட்டடத்தில் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. அக்கா தூங்காத பதினான்கு மாதத்துக்கு யார் கேட்பார்கள்?

அலுவலக அறை திறந்திருந்தது. அலுவலக அம்மா மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் பள்ளியின் தொலைபேசி. இவருடைய கைப்பேசி இரண்டு மாடிக்கு மேலே இழுப்பறையில் கிடந்தது. எடுக்கப் போனால், ஏறுகிற ஒவ்வொரு படியிலும் ஒரு சொல் கழன்று விழுந்து, மேலே போய்ச் சேரும்போது வாயில் எதுவும் மிஞ்சாது. தன்னைப் பற்றி அந்த அளவுக்கு அவருக்குத் தெரியும்.

“ஒரு போன் பண்ணிக்கட்டுமாம்மா?”

“இதுல கேக்க என்ன இருக்கு தம்பி. யாருக்கு?”

“அக்காவுக்கு.”

அலுவலக அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு அக்கா இருக்காங்களா?” ஒன்பது வருடத்தில் இது அவருக்குப் புதுச் செய்தி.

மனப்பாடமாக இருந்த ஒரே எண் அதுதான். அழுத்தினார். முதல் வாக்கியத்தை மட்டும் தயார் செய்து வைத்திருந்தார்: அக்கா, அன்னிக்கு நீ தூங்கினதால இல்ல. மறுமுனையில் மணி போனது. ஒன்று, இரண்டு, மூன்று. அக்கா எப்போதும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார். நான்கு. ஐந்தாவது மணியில்தான் அவருக்கு உறைத்தது. இது பள்ளியின் எண். அக்கா இதைப் பெயர் போட்டுச் சேமித்திருக்கவில்லை. அங்கே, முழுச் சத்தத்தில் வைத்த கைப்பேசி அக்காவின் மடியிலேயே கிடந்தாலும், ஒரு முணுமுணுப்புகூட எழாது. அவர் செய்துவைத்தபடியே அது வேலை செய்துகொண்டிருக்கும்.

அழைப்பு தானாக அறுந்தது. மறுபடி அழுத்தினார். ஆஸ்பத்திரியில் அன்று மதியம் யாரோ ஒருவர் இப்படித்தான் மேசையோரம் நின்று, அந்தப் பக்கம் கேட்கிறது என்று நம்பிக்கொண்டு காத்திருந்திருப்பார்.

“எடுக்கலயா தம்பி?”

“போகுதும்மா” என்றார்.

மாடிக்குப் போய் அவருடைய கைப்பேசியை எடுத்து வரட்டுமா என்று அலுவலக அம்மா கேட்டார். அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அலுவலக அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தோளில் மாட்டிய பையைக் கழற்றி நாற்காலியில் வைத்து, மாடிப்படிப் பக்கம் நடந்தார். அழைப்பு மறுபடி அறுந்தது. மூன்றாம் முறை எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி போகத் தொடங்கியது. ரிசீவரை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டார்.